மூணு தையல்தானுங்க டாக்டர்

"மூணு தையல்தானுங்க டாக்டர். புண்ணு நல்லாவே ஆறிப்போச்சு."

இந்த வருடம் இந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியாகச் சொன்னவருக்கு வயது முப்பதுக்குள். கணினி வேலை. இடது கை ஆள்காட்டி விரலில், உள்ளங்கைப் பக்கம், முதல் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தழும்பு. உண்மையிலேயே அழகாக ஆறியிருந்தது. ஆனால் அடிபட்டு ஐந்து வாரம் ஆகியும் விரல் நுனி மடங்கவில்லை. பாதி விரல் மரத்துக் கிடந்தது. அவர் என்னிடம் வந்ததே, சூடான தோசைக்கல்லில் கை பட்டது தெரியாமல் விரலில் கொப்புளம் வந்த பிறகுதான்.

அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். அவருடைய பெரியம்மா பையன் மெல்போர்னில் இருக்கிறார். வீட்டிலேயே பீர் தயாரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அங்கே அது சட்டப்படி சரி. இங்கே செய்து பார்க்க நினைக்காதீர்கள், மதுவிலக்குப் போலீஸ் வாசலில் வந்து நிற்கும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 65 முதல் 68 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில் கொட்டி ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். கொட்டும்போது கட்டி தட்டும். களி கிண்டியவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். கட்டியை உடைக்க நீளமான மரத் துடுப்பு ஒன்று வேண்டும். அதன் அகலமான பகுதியில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். கிளறும்போது மாவு ஓட்டை வழியாகப் புகுந்து வரும், கட்டி உடையும்.

அண்ணனின் பிறந்தநாளுக்கு அப்படியொரு துடுப்பைத் தன் கையாலேயே செதுக்கித் தர வேண்டும் என்று இவருக்கு ஆசை. மூன்றடி நீளம், பூவரச மரம், கைப்பிடியில் மயில். இணையத்தில் கத்தி செட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். மயில் நன்றாகத்தான் வந்திருக்கிறது, படம் காட்டினார். மரம் செதுக்குவதை நான் குறை சொல்லவில்லை. கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்ல வேலை.

கடைசி வேலையாக ஓட்டைகளின் விளிம்பை மழுக்க உட்கார்ந்திருக்கிறார். துடுப்பின் அகலப் பகுதியை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையில் சின்னக் கத்தி. கத்தி மரத்தில் சிக்கியது. கொஞ்சம் அழுத்தினார். சட்டென்று விட்டது. மரமாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அது ஓட்டை. கத்தி நுனி மறுபக்கம் போய்விட்டது, மறுபக்கம் இருந்தது அவர் விரல்.

பக்கத்துக் கிளினிக்கில் ரத்தத்தை நிறுத்தி, டி.டி. ஊசி போட்டு, மூன்று தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விரல் நுனியை மட்டும் மடக்கிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: தையல் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் தொடு உணர்வைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

"விரல் மடங்குதுங்களே, அப்புறம் எப்படிங்க நரம்பு அறுந்திருக்கும்?"

நம் ஊரில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லில் மூன்று சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறோம். குளுக்கோஸ் ஏற்றக் கையில் ஊசி குத்தினால் அது ‘நரம்பு ஊசி’. அங்கே நரம்பு என்பது ரத்தக்குழாய். கை மரத்துப்போனால் ‘நரம்புக் கோளாறு’. அது உணர்வைக் கடத்தும் நிஜமான நரம்பு. கறிக்கடையில் வெள்ளையாக, ரப்பர் மாதிரி, மெல்ல முடியாமல் வருமே, அதுவும் நம் வாயில் நரம்புதான். ஆனால் அது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. மொழியைக் குற்றம் சொல்ல மாட்டேன், யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். இழுத்துக் கட்டிய நூல் மாதிரி எது இருந்தாலும் நரம்பு என்றிருக்கிறார்கள். ஆனால் அடிபட்ட கையோடு ஒருவர் வந்து "நரம்புக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாங்க" என்றால், மூன்றில் எதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் சொல்வது ரத்தம் நின்றுவிட்டது என்பதைத்தான்.

ரத்தம் நிற்பதற்கும் தசைநாண் முழுசாக இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தசைநாண் அறுந்தால் ரத்தம் கொட்டாது. பெரிதாக வலிக்கவும் வலிக்காது. வெளியே தோல் ஆறுவதற்கும் உள்ளே அது ஒட்டுவதற்கும்கூடச் சம்பந்தமில்லை. தோல் ஆறும். தசைநாண் தானாக ஒட்டாது. அதை இழுக்கும் தசை முன்னங்கையில் இருக்கிறது. அறுந்த மறுகணமே முனையை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், பாவாடை நாடாவின் ஒரு முனை உள்ளே போய்விடுவது போல. நாடாவை ஊக்கு போட்டு எடுக்கலாம். இதை எடுக்க நான் உள்ளங்கையைத் திறக்க வேண்டும்.

அப்படியானால் விரல் எப்படி மடங்கியது? கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. ஒன்று நடு மூட்டோடு நின்றுவிடும். இன்னொன்று நுனி வரை போகும். இவருக்குக் குத்திய இடத்தில் முதலாவது நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, அந்தப் பிளவு வழியாக இரண்டாவது நாண் மேலே வருகிறது. கத்தி நுனி சரியாக அங்கே இறங்கி, நுனி நாணையும் பக்கத்தில் ஓடும் நரம்பையும் அறுத்துவிட்டது. நடு மூட்டின் நாண் தப்பித்தது. அதனால் விரல் மடங்குகிற மாதிரிதான் தெரியும். ஐந்து வாரம் ஏமாந்தது இப்படித்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். அடிபட்ட விரலின் நடு மூட்டை அடுத்த கையால் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது நுனியை மட்டும் மடக்குங்கள். மடங்கவில்லையென்றால் அந்த நாண் போயிருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விரலின் இரண்டு ஓரங்களையும் பஞ்சால் வருடச் சொல்லுங்கள். ஒரு ஓரம் மட்டும் மந்தமாக இருந்தால் அந்தப் பக்கத்து நரம்பு அடிபட்டிருக்கிறது. மடக்கும்போது வலித்தாலும் விட்டுவிடாதீர்கள், பாதி அறுந்த நாண் பின்னால் ஒருநாள் பட்டென்று முழுதாகப் போய்விடலாம். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றினாலும், ஆழமாகக் குத்தியிருந்தால் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை உங்களைப் பயமுறுத்தத்தான் உதவ வேண்டும், தைரியம் கொடுக்க உதவக்கூடாது.

முதல் வாரத்தில் வந்திருந்தால் நாணையும் நரம்பையும் ஒரே அமர்வில் தைத்திருப்பேன். அது முடிந்தும் சுகவாசம் இல்லை. ஆறு வாரம் போலக் கையை அசையாமல் பிடித்துவைக்கும் அச்சு (ஸ்ப்ளின்ட்), சில நாட்களிலேயே அதற்குள்ளேயே பயிற்சி, பன்னிரண்டு வாரம் வரை கனமான பொருள் எதையும் தூக்கக்கூடாது. ஆனாலும் விரல் திரும்பக் கிடைத்திருக்கும். ஐந்து வாரம் கழித்து, நாண் ஓடும் குழாய் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. வேறிடத்திலிருந்து நாண் எடுத்துப் பொருத்தப் போனால், நன்றாக இருக்கும் நடு மூட்டின் அசைவும் கெடலாம். அதனால் தொடவில்லை. நரம்பை மட்டும் பார்த்தோம். அறுந்த முனையில் முடிச்சு விழுந்திருந்தது. அதை நறுக்கி, நுண்ணோக்கியின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தோம். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். நுனிக்கு வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தோசைக்கல் பக்கம் அந்தக் கையைக் கொண்டுபோகாதே என்று அவர் அம்மாவிடம்தான் சொல்லி அனுப்பினேன். 1940களின் பிற்பகுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை தொடங்கியபோது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாத விரலை அவர்களே சுட்டும் வெட்டியும் இழக்கிறார்கள். ஒரு நரம்பு போன விரலுக்கும் அதே கதிதான், அளவுதான் சிறிது.

சரி, செதுக்குகிறவர்களுக்கு.

மரத்தைக் கையில் ஏந்திச் செதுக்காதீர்கள். கிளாம்ப் போடுங்கள், வைஸில் இறுக்குங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் கிளாம்ப் வாங்கத் தயங்குகிறவர், கத்தி செட்டுக்கு இரண்டாயிரம் கொடுத்திருப்பார். இரண்டு கையும் கத்தியின் கூருக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஓட்டை, பிளவு, மெல்லிய பலகை என்றால் அதன் மறுபக்கம் உடம்பின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது, தொடையும் சேர்த்துத்தான். தொடையில் குத்திக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். "ஆசாரி காலால மிதிச்சுப் பிடிச்சுட்டு வாச்சியில செதுக்கறாரே" என்பார்கள். அவர் பத்து வயதில் உளி பிடித்தவர். நீங்கள் போன மாதம் பிடித்தவர்.

மழுங்கிய கத்திதான் பத்திரம் என்று நினைத்து கூர் தீட்டாமல் வைத்திருக்கிறார்கள். மழுங்கினால் அழுத்துவீர்கள். அழுத்தினால் நழுவும். இவருடைய கத்தியும் அப்படித்தான், பெட்டியைப் பிரித்ததிலிருந்து ஒருமுறைகூடக் கல்லில் வைத்ததில்லை.

வெட்டு தாங்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி விளையாடாதீர்கள். அது அறுப்பதைத் தாங்கும், குத்துவதைத் தாங்காது. சுழலும் கருவிக்கு எந்தக் கையுறையும் வேண்டாம், சுற்றி இழுத்துவிடும். ஆங்கிள் கிரைண்டரில் சங்கிலிப் பல் சக்கரத்தை மாட்டி மரம் குடைகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் காயங்களை வர்ணித்து உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியை வைத்து பத்து நிமிடம் அழுத்துங்கள், கையை உயர்த்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்கக்கூடாது. மோதிரத்தைக் கழற்றுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். நான் அரை மணி நேரம் காபித்தூளைக் கழுவிக்கொண்டிருப்பது உங்கள் செலவில்தான். ரப்பர் பேண்டால் விரலை இறுக்காதீர்கள். உளி குத்தி நின்றுவிட்டால் பிடுங்காமல் அப்படியே வாருங்கள். விரலே துண்டாகிவிட்டால், துண்டை ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது.

ஒன்று மறந்துவிட்டேன். சிலாம்பு உள்ளே ஒடிந்துவிட்டால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்துட்டோம், ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிமுனைக் காயம்தானே என்று விட்ட விரல் ஓரிரு நாளில் முழுதாக வீங்கி, பாதி மடங்கினபடி நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே கிளம்புங்கள்.

போன வாரம் கட்டு மாற்ற வந்தபோது துடுப்பையும் எடுத்து வந்திருந்தார். நான்கு ஓட்டைகள். மூன்றின் விளிம்பு மழமழவென்றிருந்தது. நான்காவதில் பாதி மட்டும். மீதியில் கத்தித் தடம் அப்படியே இருந்தது, ஓரத்தில் லேசாகப் பழுப்புக் கறை.

"இதையாவது முடிச்சு அனுப்பலாமுங்களா டாக்டர்?"

கத்தி வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், அதுவும் மேஜையில் இறுக்கிவிட்டு, என்றேன். கறை படிந்த இடத்தை நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மரச்சாமான் என்று எழுதவும் சொல்லியிருக்கிறேன், ஆஸ்திரேலியாவில் அதில் ரொம்பக் கறார்.