ஆவாரைக்கு மருந்து அடிக்காதீர்கள்

நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் எனக்கு, மழை முடிந்து செடிகள் துளிர்க்கும்போது தவறாமல் ஒரு போன் வரும். "நீங்க குடுத்த ஆவாரை பூராவும் புழுங்க. என்ன மருந்து அடிக்கட்டும்?" ஒன்றும் அடிக்க வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பச்சைப் புழுதான் சில வாரத்தில் வெளிர்பச்சைச் சாயலடிக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப் போகிறது. அதற்கு முன்பே பாதிப் புழுக்களைத் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் குஞ்சுகளுக்குக் கொத்திக்கொண்டு போய்விடும். இலை போனால் ஆவாரை மறுபடி தழைக்கும்.

இதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பைகளின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு என்று நாம் சொல்கிற தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். உப்புப் புட்டியைக் குலுக்கினாற்போல மகரந்தம் கொட்டும். காலையில் செடிக்குப் பக்கத்தில் நின்றால் அந்த 'ர்ர்ர்' சத்தமே கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதனால் தேன் கிடைக்கும் என்று ஆவாரை கேட்டு வருபவர்களிடம் வேறு செடி வாங்கச் சொல்லிவிடுவேன்.

வளர்ப்பது சுலபம். விதைத்தோல் கெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் சுணங்கும். எனவே புரட்டாசி மழையோடு நேரடியாக விதைப்பது நல்லது. நாற்று விற்கிற நானே இதைச் சொல்கிறேன்! முதல் வருடக் கோடையைத் தாண்டிவிட்டால் தண்ணீர் தேவையில்லை. சரளை மண், வேலி ஓரம் எல்லாம் போதும், தேங்குகிற தண்ணீர்தான் ஆகாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மஞ்சள் பூ என்பதற்காக மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் கொன்றையை நட்டுவிடாதீர்கள். முதுமலைக் காட்டில் அது பரவி, இப்போது வெட்டி அகற்றும் வேலை நடக்கிறது. ஆவாரை ஆள் உயரப் புதர், அது பெரிய மரம்.

சென்ற ஆண்டு மருந்து கேட்டுப் போன் செய்த அம்மா ஒருவர் அரைமனதோடு பொறுத்துக்கொண்டார். இப்போது அவர் வீட்டு வேலி முழுக்கப் பூ. போன வாரம் மறுபடி அழைத்தார்: "ஏங்க, கருவண்டு எங்க வீட்டு உத்திரத்துல ஓட்டை போடுதே?" உத்திரத்தை விட்டுவிட்டு அதில் கூடு வைத்துக்கொள்ளட்டும் என்று காய்ந்த மூங்கில் துண்டு நாலு கட்டித் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன்.