வேக வரம்புப் பலகையில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது?

சாலையோரப் பலகையில் உள்ள எண்ணை யாரோ ஓர் அதிகாரி தோன்றியபடி எழுதிவிடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அந்தச் சாலையில் ஓட்டுநர்கள் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்பதை முதலில் அளக்க வேண்டும் என்கின்றன பல நாடுகளின் நெறிமுறைகள். நெரிசல் நேரத்து அளவு இதற்கு உதவாது. முன்னால் போகும் வண்டி வழிமறிக்காத நேரத்தில்தான் அளக்க வேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலமாக 85ஆம் சதமான வேகமே அடிப்படை. அதாவது, நூற்றுக்கு 85 வண்டிகள் அந்த வேகத்தைத் தாண்டுவதில்லை. பிரிட்டன் சராசரி வேகத்தைப் பார்க்கிறது.

எல்லாச் சாலையிலும் கருவி வைத்து அளக்க முடியாது. இனிமேல் போடப்போகும் சாலையிலோ அளப்பதற்கு வண்டியே இல்லை. அங்கே கணித மாதிரி கைகொடுக்கிறது. தடத்தின் அகலம், வளைவு, சரிவு, பார்வைத் தூரம், பக்கத்து வாசல்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால் எதிர்பார்க்கக்கூடிய வேகத்தை அது சொல்லும். இவற்றில் வளைவுக்குத்தான் வலு அதிகம். இயற்பியல் கணக்குப்படி, 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சாலை உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும் விகிதமும் டயரின் பக்கவாட்டு உராய்வுக் கெழுவும் சேர்ந்து 0.22 என்றால், மணிக்கு சுமார் 53 கி.மீ. வேகமே வசதியானது. ஓட்டுநர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. வளைவு கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி மிதிக்கிறார். அதனால்தான் சூத்திரம் மட்டும் போதாமல், ஏற்கெனவே அளந்த வேகங்களைக் கொண்டும் மாதிரியைச் சரிசெய்கிறார்கள்.

ஆனால், ஓட்டுகிறவர்களின் பழக்கத்தையே சட்டமாக்கினால் நடப்பவர்களின் கதி என்ன? எல்லாரும் வேகம் கூட்டினால் வரம்பும் பின்னாலேயே ஏறும். சராசரி வேகம் 5 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் சுமார் 20 சதவீதம் கூடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 2023இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சாலைக்குறிக் கையேடு, சதமானத்தோடு விபத்து வரலாறு, பாதசாரிகள், சுற்றுப்புறப் பயன்பாடு ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது. பாதசாரிகளும் வண்டிகளும் கலக்கும் தெருவுக்கு 30 கி.மீ. என்பதே இன்று பாதுகாப்பு வல்லுநர்களின் பரிந்துரை.

மாதிரி 50 என்கிறது, தேவையோ 30 என்றால், பலகையை மட்டும் மாற்றிப் பயனில்லை. வேகம் கொஞ்சம்தான் குறையும். தடத்தைக் குறுக்குவதா, பாதசாரிகள் கடக்கும் இடத்தை மேடாக்குவதா, எது எவ்வளவு வேகத்தைக் குறைக்கும் என்பதையும் அதே மாதிரியிடம் கேட்கலாம்.