டைமர் மேல் பழி போடும் முன்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் எனக்கு வேலை கூடிவிடும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. மெஷினில் துணி பிழியும் தொட்டியான ஸ்பின்னர் சுற்றினால்தான் மாற்றுத்துணி. அது அந்த நேரம் பார்த்துத்தான் நிற்கும். புளியரையிலிருந்து "அண்ணாச்சி, டைமர் போயிட்டு" என்று போன் வரும். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து வந்தால் அண்ணாச்சி சேட்டன் ஆகிவிடுவார், புகார் மட்டும் அதே டைமர்தான். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் டைமர் நன்றாகவே இருக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினைச் சொல்கிறேன். அதில் வாஷுக்கு ஒன்று, ஸ்பின்னருக்கு ஒன்று என்று இருக்கும் டைமர், சாவி கொடுக்கிற கடிகாரம்தான். குமிழைத் திருகினால் ஸ்பிரிங் முறுக்கேறும், பல்சக்கரங்கள் அதை மெல்ல அவிழ்த்துவிடும். ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம். அதனால் முதல் சோதனைக்குக் காது போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை வலப்பக்கமாகத் திருகி விடுங்கள். (இடப்பக்கம் வலிந்து திருப்பித்தான் பலர் பல்லை உடைக்கிறார்கள்.) டிக் டிக் என்று ஓடிப் பூஜ்யத்துக்கு வந்தால் கடிகாரம் சரி. பாதியில் நின்றால் மாற்றத்தான் வேண்டும். பிடிப்பே இல்லாமல் வழுக்கிச் சுற்றினால், குமிழைக் கழற்றி அச்சைக் குறடால் திருகிப் பாருங்கள். ஓடினால் குமிழ் மட்டும் வாங்கினால் போதும்.

மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், டைமர் கரண்டைக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் காரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்பின்னர் சத்தமே போடாவிட்டால், மூடியைத் திறந்ததும் கரண்டை நிறுத்தும் மூடி ஸ்விட்சில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

போன சாரலில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். முன்னால் வந்தவர் டைமர், மூடி ஸ்விட்ச் இரண்டின் ஒயரையும் முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "பிளக்கப் போட்டா ஓடுது, பிடுங்குனா நிக்கி. நல்லாத்தான தம்பி இருக்கு?" என்றார் ஆச்சி. ஈரத் தரையில் நின்று, ஈரக் கையால் பிளக்கைப் பிடுங்குகிறார். அந்தத் தொட்டி நிமிடத்துக்கு 1,300 சுற்றுச் சுற்றும். மூடியைத் திறந்தாலும் நிற்காது, வீட்டிலோ பேரப்பிள்ளைகள். இதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய ஸ்பின் டைமரை மீட்டரில் வைத்தேன், இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டர் அது. ஓடுகிற நேரம் முழுக்க விடாமல் பீப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு அடித்தது. பிரித்தால் பித்தளைத் தகடெல்லாம் பச்சைக் களிம்பு. இதைச் சுரண்டி ஓட்டலாம், ஒரு மாதம் தாங்கும். நான் செய்வதில்லை.

வாஷ் டைமரை மீட்டரில் பார்ப்பது வேறு மாதிரி. பொது ஒயரிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி பீப் வர வேண்டும். ஒரு பக்கம் ஊமையானால் மோட்டார் ஒரே திசையில் சுற்றும், துணி வடக்கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அச்சின் வடிவம், திருகாணி ஓட்டைகளின் இடைவெளி, ஒயர் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழற்றுமுன் போனில் ஒரு படம். அப்புறம் பழையதிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் புதியதுக்கு மாற்றுங்கள். மொத்தமாக உருவிப்போட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

ஆச்சி வீட்டில் களிம்பு எப்படி வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மெஷின் தலையில் ஊற்றித் தேய்க்கப் போனார். தடுத்தேன். குமிழின் அச்சு வழியாகத் தண்ணீர் நேரே டைமருக்குள் இறங்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன்.

"அதுல அழுக்குப் போவாதே தம்பி?" என்றார்.