மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்து முதல் வாரம் முடிவதற்குள், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரே மாதிரியான கதையோடு சிலரை மனநலப் பிரிவுக்கு அழைத்து வருவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றே குடியை நிறுத்தியவர்கள் அவர்கள். முதல் நாள் கை நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டாம் நாள் தூக்கம் அறவே போய்விடும். மூன்றாம் நாள் இரவு, எதிரே இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்திருப்பார்கள்.

அப்படி வந்த விவசாயத் தொழிலாளி ஒருவர் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் நூலைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, காலில் தட்டி, முடிச்சுப் போட்டு ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் நாற்றுப் பறிக்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவருடைய மனைவிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்திருந்தது. "சாமி குத்தமாங்க டாக்டர்? மாலையக் கழட்டச் சொல்றாங்க" என்று அந்த அம்மா கேட்டார்.

சாமி குற்றம் எதுவுமில்லை. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அது உள்ளே போய் மூளையை மந்தமாக்கும்போது, அதை ஈடுகட்ட மூளை தன் விறுவிறுப்பைக் கூட்டிக்கொண்டே வருகிறது. திடீரென்று மது நின்றுவிட்டால் அந்த விறுவிறுப்பு மட்டும் அடக்க ஆளில்லாமல் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வருவதுதான் இந்தப் பிதற்றல் நிலை. கவனிக்காமல் விட்டால் இது உயிரையே பறிக்கக்கூடியது. 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, மாலை போடாதவர்களுக்கும் இதே நிலை வந்தது.

குடிப்பவர்கள் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர்களும், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு கண்டவர்களும், மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். டயஸிபாம் போன்ற மாத்திரைகளை ஒரு வாரம், பத்து நாளுக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்; அதையும் மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சோர்ந்து கிடப்பவருக்குத் தெம்பு வரட்டும் என்று முதல் வேலையாகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். நாள்பட்டுக் குடித்தவர்களின் உடலில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் நடை தள்ளாடி, பார்வை குழம்பி, ஞாபகசக்தி நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம்.

நான் மாலைக்கு எதிரியில்லை. விடியற்காலைக் குளியல், ஊரே ‘சாமி’ என்று கூப்பிடும் மரியாதை, சரியாகக் குடிக்கப் போகும் நேரத்தில் பஜனை, ‘ஒண்ணு போடு’ என்று யாரும் வற்புறுத்தாத நண்பர் வட்டம் ஆகியவற்றையெல்லாம் ஒரு குடிநோயாளிக்கு அமைத்துக் கொடுக்கத்தான் நாங்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறோம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றும் நாளில் இவையனைத்தும் ஒருசேர நின்றுபோவதுதான் சிக்கல். சம்பா அறுவடையும் அப்போதுதான் தொடங்குகிறது. உடம்பு வலிக்கும் வேலை, கையில் ரொக்கம், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிய பிறகு கூடும் பழைய கூட்டாளிகள் என்று குடியை நினைவூட்டும் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன. ஆகவே, மாலை போடும்போதே கழற்றும் நாளுக்கான ஏற்பாட்டைக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது: கூலியை யார் வாங்குவது, ஆறு மணிக்கு அவர் எங்கே இருப்பார், ஆசை கிளம்பினால் யாரிடம் பேசுவார், நால்ட்ரெக்ஸோன் போன்ற ஏக்கம் குறைக்கும் மாத்திரையை எத்தனை மாதம் தொடர்வது. இரவில் பேச ஆளில்லை என்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஏதாவது மருந்து உண்டா என்று மனைவிமார் கேட்காத வாரமில்லை. அவர்களுடைய பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு நான் உடன்படுவதில்லை. மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே முடிவாகிவிடக்கூடும்.

நாற்றுப் பறித்தவர் ஐந்தாம் நாள் தெளிந்தார். போர்வை கிழிந்தது எப்படி என்று செவிலியரிடம் விசாரித்தார். மாசியில், நெல் போட்ட பணம் வந்த அன்று ஒரு நாள் குடித்துவிட்டார். மூன்று மாதம் பட்ட பாடு ஒரே ராத்திரியில் போய்விட்டது என்று மனைவி அழுதார். அந்த மூன்று மாதம் எங்கேயும் போய்விடவில்லை என்று அவரிடம் சொன்னேன். கணவரிடம் அந்த நாளை மணிவாரியாகக் கேட்டு எழுதி வைத்தேன். பணத்தை எண்ணி வாங்கியதற்கும் கடைக்குப் போனதற்கும் இடையில் இருந்தது இருபதே நிமிடம். அடுத்த அறுவடையில் நெல் போடும் இடத்துக்கு அந்த அம்மாவும் கூடவே போனார்.

மறு ஆண்டு ஐப்பசிக் கடைசியில் அவர் மறுபடியும் வந்தார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே விரதம் இருக்கலாமா என்று குருசாமியிடம் கேட்டிருக்கிறார். டாக்டரைக் கேட்டுவிட்டு வா என்று குருசாமிதான் அனுப்பியிருந்தார்.