நாலு கோட்டில் ஒரு மாடு எப்படித் தெரிகிறது?

நீலகிரியில் உள்ள கரிக்கியூரில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கோத்தகிரியில் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "கரிக்கியூர் பாறை ஓவியத்துல தோல் இல்ல, நிழல் இல்ல, வெறும் கோடுதான். ஆனாலும் பார்த்தவுடனே இது மனுஷன், இது மிருகம்னு எப்படித் தெரியுது?"

அருமையான கேள்வி. ஏனென்றால் இயற்கையில் கோடே கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டெருமையைச் சுற்றி யாரும் மை தீட்டி வைக்கவில்லை. ஓரிடத்தில் கருந்தோல் முடிகிறது, பச்சை தொடங்குகிறது, அவ்வளவுதான். கோடு போடுவது நம் கண்ணும் மூளையும்.

லென்ஸ், தலைகீழ் பிம்பம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அப்புறம் நடப்பதுதான் அழகு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறத்தாழ 12 கோடி, ஆனால் மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சம்தான். எல்லாவற்றையும் அனுப்ப வழியில்லை. அதனால் வெளிச்சம் பட்ட செல், இடையில் உள்ள செல்கள் வழியாகப் பக்கத்துச் செல்களின் குரலை அடக்குகிறது. வெளிச்சம் சீராக விழுந்த இடத்தில் எல்லாமே ஒன்றையொன்று அடக்கிக்கொள்வதால் பெரிதாகச் செய்தி எதுவும் போவதில்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பில் மட்டும் ஒரு பக்கத்து அடக்கல் குறைந்து, செய்தி உரக்கப் போகிறது.

மூளையில் அதை வாங்குவது யார்? 1958இல் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் ஒரு பூனையின் மூளையில் நுண்ணிய மின்முனையைச் செருகி, திரையில் புள்ளிகளாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல் பதிலே தரவில்லை. புள்ளி இருந்த கண்ணாடிச் சில்லை மாற்றும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் நகர, செல் படபடவென்று மின்துடிப்புகளை அனுப்பியது! அதற்கு வேண்டியது புள்ளி இல்லை, ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு. வேறு சாய்வுக்கு வேறு செல். 1981இல் நோபல் பரிசு. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆக, பாறையில் காவிக்கல்லால் இழுத்த கோடு, நிஜ மாட்டின் முதுகு எழுப்புகிற அதே செல்களை எழுப்புகிறது. இது பழகி வந்ததுமில்லை. படங்களையே ஏறக்குறையக் காட்டாமல் 19 மாதம் வரை வளர்த்த ஒரு குழந்தை, கோட்டோவியங்களில் இருந்த பொருள்களைச் சரியாகச் சொன்னதை ஹாக்பெர்க், புரூக்ஸ் என்ற உளவியலாளர்கள் 1962இல் எழுதினார்கள். மரப்பட்டையில் சாமி முகம் தெரிகிறதென்று கூட்டம் கூடுவது, மூளையில் முகங்களைத் தேடும் வேறொரு பகுதியால்; அங்கே உண்டியல் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மனித உருவம் போன்ற மூன்றும் இருக்கும் ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 வயது. கண் முன்னே இல்லாத பன்றியை, பார்க்காதவர் கண்ணிலும் கொண்டுவந்து நிறுத்த ஒருவருக்கு வழி கிடைத்துவிட்டது. படம் நமக்கு ஏன் முக்கியம் என்றால் இதற்காகத்தான்.

சரி, கரிக்கியூருக்கு என்ன வயது? சுலவேசியில் ஓவியத்தின்மேல் படிந்த சுண்ணாம்புப் படலத்தின் யுரேனியத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். நீலகிரிப் பாறை சுண்ணாம்புக்கல் இல்லை, காவி இரும்பு ஆக்சைடு, அதில் வயதைக் கணக்கிட உதவும் கார்பனும் இல்லை. அதனால் கரிக்கியூரின் வயதைக் கண்டுபிடிப்பது கடினமான வேலைதான், அதனால்தான் இதற்குப் பணம் வேண்டும் என்கிறேன். ஓவியங்களின்மேல் பெயர் கிறுக்கிவிட்டுப் போகிறார்கள், முதலில் காவலுக்கு ஆள் போடுங்கள். மங்கிய காவியைத் தூக்கிக் காட்டும் டி-ஸ்ட்ரெட்ச் மென்பொருள் போனிலேயே ஓடுகிறது. பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை கொடுத்தால், பாறையைத் தொடாமல், தண்ணீர் தெளிக்காமல், ஒவ்வோர் உருவத்தையும் பதிவு செய்துவிடலாம்.