பரம்பல்: இயல் செடி, அயல் செடி, சீமைச் செடி

ஒரு வட்டாரத்தில் யாரும் நடாமல் தானாக முளைத்து நிற்கும் செடிகளில் எது அந்த மண்ணுக்கே உரியது, எது மனிதர் கைவழி வந்தது என்று பிரித்து, ஒவ்வொன்றும் எங்கெங்கே நிற்கிறது என இடமும் நாளும் குறித்து வைக்கும் வேலைக்கு இயல், அயல் தாவரப் பரம்பல் பதிவு என்று பெயர்.

பரம்புதல் என்றால் பரவுதல். பரவு, பரப்பு, பரம்பு எல்லாம் ஓரடிச் சொற்கள். இலங்கைத் தமிழர் 'மக்கட்பரம்பல்' என்று நெடுநாளாக எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் 'பரவல்' என்போரே அதிகம். அதைக் கேட்டால் எனக்கு நோய் பரவுவதுதான் நினைவுக்கு வரும். பரந்து நிற்கும் நிலையைச் சொல்லப் பரம்பலே பொருந்தும். பாரியின் பறம்பு வேறு சொல். வல்லின றகரம், மலை என்று பொருள். அந்தப் பறம்பு எனப்படும் பிரான்மலை செட்டிநாட்டுக்கு அருகிலேயே இருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். அந்தப் பாரியின் நண்பர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். அது பட்டியல். எந்தப் பூ எந்தச் சரிவில், எந்த மாதத்தில் என்று சேர்த்திருந்தால் பரம்பல் பதிவாகியிருக்கும்.

அயல் என்ற சொல்லுக்கு இடம் கொஞ்சம் தாராளம். அயல்வீடு பக்கத்து வீடு, அயல்நாடு கடலுக்கு அப்பால். தாவரவியலில் தூரம் கணக்கில்லை. மனிதர் கொண்டுவந்தாரா என்பதே கேள்வி. அதற்கு எதிர்ச்சொல் இயல். 'வந்தேறி' என்று எழுதுவோரும் உண்டு. செடியைத் திட்டுவதற்கு அது உதவும், வகைப்படுத்த உதவாது.

செட்டிநாட்டுப் பேச்சில் இந்த வேலையை 'நாட்டு', 'சீமை' என்ற இரண்டு ஒட்டுகள் செய்துவருகின்றன. சீமை வடசொல், எல்லை என்று பொருள். எல்லைக்குட்பட்ட நிலத்துக்கும் அதுவே பெயராகி, சிவகங்கைச் சீமை வந்தது. பிறகு வெள்ளைக்காரன் நாடும் சீமையாயிற்று. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் ஆனது. ஆக, சிவகங்கைச் சீமையில் நிற்கும் சீமைக்கருவையில் முதற்சீமை நம்மூர், அடுத்த சீமை அசலூர்! அந்த அசலூரும் இங்கிலாந்து இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம் அது. 1877இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். இன்று கண்மாய் உள்வாயெல்லாம் அதுதான். வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் இருப்பதால், 'வேலிக்காத்தான்' என்ற பேர் பாதி நன்றியோடும் பாதி எரிச்சலோடும்தான் வாயில் வரும்.

சீமைக்கருவைக்குச் சரியாகப் பொருந்தும் இந்த ஒட்டுகள் மற்றவற்றில் காலை வாரிவிடும். நாட்டுத்தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பள்ளிப் பிள்ளைகள் சிராய்ப்புக்குக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. பொட்டலில் மஞ்சளாய்ப் பூக்கும் பிரமதண்டு மெக்சிகோ பக்கத்தது. இரண்டுக்கும் யாரும் 'சீமை' போடவில்லை. நாட்டு மருந்தாகிவிட்டால் நாட்டுச் செடி என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆவாரை, எருக்கு, கொழுஞ்சி, விடத்தலை ஆகியவை ஐயமில்லாத இயல் செடிகள்.

ஊர்ப்பெயர்களிலும் பழைய பரம்பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களில் இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று மூன்றில் இலுப்பையும் சூரைச் செடியும் வேல மரமும் தெரிகின்றன. காரைக்குடிக்குக் காரைச் செடியைச் சொல்வார்கள். ஆனால் இவற்றை அப்படியே பதிவாக எடுக்க முடியாது; நாள் இல்லை. இலுப்பையோ விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகக் கோயில்களையொட்டி நட்டு வளர்க்கப்பட்ட மரமும்கூட. தானாக முளைத்ததா, வைத்ததா என்பது பெயரிலிருந்து தெரியாது.

இடம் குறிப்பதில்தான் பெரிய சிக்கல். மாவட்டப் பெயரை மட்டும் எழுதிவைத்தால் என்ன ஆகும் பாருங்கள். காரைக்குடிச் செடி 1910க்கு முன் 'மதுரை', அதன்பின் 'இராமநாதபுரம்', 1985 முதல் 'சிவகங்கை'. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி 1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. செடி அசையவில்லை, எல்லைதான் நடந்திருக்கிறது. இதே தலைவலியைப் பிரிட்டனில் வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இலேயே தீர்த்துவைத்தார்: நிர்வாகம் எப்படி மாறினாலும் மாறாத 112 பிரிவுகளாகத் தம் நாட்டைப் பதிவுக்காக வகுத்துக்கொண்டார். 1962இல் வந்த பிரிட்டிஷ் தாவர வரைபட நூல் அதையும் தாண்டி, 10 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களில் ஒவ்வொரு செடிக்கும் புள்ளி வைத்தது. 2023இல் அங்கே வெளியான புதிய வரைபடத் தொகுப்பில் இயல் இனங்கள் 1,692, அயல் இனங்கள் 1,753. அயல் முந்திவிட்டது.

ஊருணிக் கரையில் நின்று பதிவெழுத இன்று கைப்பேசி போதும். அகலாங்கு, நெட்டாங்கு (அட்சரேகை, தீர்க்கரேகை) தானே விழும். கூடவே நாள், பார்த்தவர் பெயர், செம்புறாங்கல் பொட்டலா கண்மாய்க்கரையா என்ற குறிப்பு, நட்டதா தானாக முளைத்ததா என்பது வேண்டும். பூட்டிய வீட்டு மதிலில் வெடித்துக் கிளம்பிய அரசங்கன்று பதிவில் ஏறும். அதே வீட்டின் பர்மாத் தேக்குத் தூண், எத்தனை அயலானாலும், ஏறாது.

கடைசிக் கட்டம் 'நிலை': இயலா, அயலா. அங்கே புளியமரம் வந்து நிற்கும். பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் குறுந்தொகையிலேயே சூல்கொண்ட பெண்களின் பசும்புளி வேட்கை வருகிறது. பிரிட்டனில் 1500க்கு முன் வந்தவற்றைத் தனி வகையாகவும், பின் வந்தவற்றை வேறாகவும் வைக்கிறார்கள். நமக்கும் அந்தப் பிரிவு தேவை. தொல்வரவு, புதுவரவு என்று வைத்துக்கொள்ளலாம். புளிக்கு நான் 'அயல், தொல்வரவு' என்றும், சீமைக்கருவைக்கு 'அயல், புதுவரவு' என்றும் எழுதுவேன்.