கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் இணைப்பைத் துண்டியுங்கள்

சென்ற சுற்றுலாப் பருவத்தில், நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் பெரியவர் ஒருவர் தமது மடிக்கணினியோடு திருகோணமலை என்.சி. வீதியிலுள்ள எனது பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். "தம்பி, பாஸ்வேர்டை மூண்டு தரம் மாத்திப்போட்டன், பிறகும் காசு போகுது" என்றார். இணைய வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மூன்று தரமும் அவர், உளவுநிரல் புகுந்திருந்த அதே மடிக்கணினியில் இருந்துதான் மாற்றியிருந்தார். கள்வனை அறைக்குள் வைத்துக்கொண்டே புதுப் பூட்டுப் போட்டு, திறப்பையும் அவன் கண்முன்னே மேசையில் வைத்தது போலாயிற்று அது.

வங்கிப் பக்கத்தில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்ததால் அவர் கைபேசியில் அதைப் படமெடுத்து வைத்திருந்தார். பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் கீழே, அட்டையின் 16 இலக்கங்களையும் பின்புறத்து 3 இலக்கங்களையும் கேட்கும் இரண்டு கட்டங்கள் இருந்தன. அதே பக்கத்தை எனது கணினியில் திறந்து பார்த்தபோது அந்தக் கட்டங்கள் இல்லை. முகவரி ஓர் எழுத்தும் பிசகாமல் வங்கியுடையதாகவே இருந்தது. பூட்டுச் சின்னமும் சரியாகவே இருந்தது. உலாவிக்கும் வங்கிக்கும் இடைப்பட்ட பாதையில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு உத்தரவாதம். உலாவிக்கு உள்ளேயே குடியிருக்கும் உளவுநிரலோ, வங்கி அனுப்பிய பக்கம் மறைகுறி நீங்கித் திரைக்கு வருவதற்கு இடைப்பட்ட கணத்தில் தனக்கு வேண்டிய கட்டங்களைச் செருகிவிடுகிறது. பிறகு "சற்றுப் பொறுங்கள், உங்கள் கணக்கைப் பரிசோதிக்கிறோம்" என்றொரு திரையைக் காட்டி, வங்கி கைபேசிக்கு அனுப்பும் ஒருமுறை மட்டுமே செல்லும் ஓ.டி.பி. இலக்கத்தையும் நம் கையாலேயே எழுத வைக்கிறது.

இது புதிய வித்தை அன்று. 2007இல் வெளிப்பட்ட ஸியூஸ் என்னும் நிரல் செய்ததும் இதுவே; 2011இல் அதன் மூலநிரல் இணையத்தில் கசிந்தபின், பலர் அதை எடுத்துத் தத்தம் வசதிக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள்.

பெரியவரின் கணினிக்குள் அது நுழைந்தது ஒரு முன்பதிவு மின்னஞ்சலின் வழியாக. இணைப்பிலிருந்த கோப்பு பிடிஎஃப் சின்னத்துடன் தோன்றினாலும் அதன் பெயர் .எக்ஸ்இ என்று, அதாவது திறந்தவுடன் இயங்கும் நிரலுக்குரிய ஈற்றோடு முடிந்தது. விண்டோஸ் அந்த ஈற்றை இயல்பாகவே மறைத்துவிடுவதால் அவருக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களின் கடிதங்களைத் திறப்பதே விடுதிக்காரரின் அன்றாடத் தொழில் என்பதால், இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய நேரத்தில் எதை முதலில் செய்கிறோம் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. முதலில் வைஃபையை நிறுத்துங்கள் அல்லது கேபிளைக் கழற்றுங்கள். அடுத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து இணைய வங்கிச் சேவையையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கிகளுக்கிடையே பணம் அனுப்ப உதவும் லங்காபே நிறுவனத்தின் சிஃப்ட்ஸ் முறையில் பணம் உடனுக்குடன் அடுத்த வங்கிக்குப் போய்விடுவதால், நாளைக் காலை கிளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று காத்திருக்க முடியாது. கடவுச்சொல்லை அதன் பின்னரே, சுத்தமான வேறொரு சாதனத்தில் மாற்ற வேண்டும். வங்கியினுடையதை மட்டுமல்லாமல் மின்னஞ்சலினுடையதையும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்த வேண்டும்.

இனி நீக்கும் வேலை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கையில் சோதித்தால் சில நிரல்கள் தம்மை மறைத்துக்கொள்ளும் என்பதால், விண்டோஸோடு வரும் நச்சுநிரல் தடுப்பானான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓடவிடுவேன். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஏறத்தாழ 15 நிமிடம் தேடும். பெரியவரின் கணினியில், பயனர் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் ரோமிங் கோப்புறையில், அர்த்தமற்ற எழுத்துகளால் பெயரிட்ட கோப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை அவர் உள்நுழையும்போதும் அதை எழுப்புவதற்கு, நிரல்களைத் தானாக இயக்கும் விண்டோஸின் பணி அட்டவணையில் ஒரு வரியும் எழுதப்பட்டிருந்தது. கோப்பை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியடைபவர்கள் உண்டு. வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்ட கணினியை நான் அப்படி நம்புவதில்லை. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதியெடுத்து, வேறொரு கணினியில் தயாரித்த 8 ஜிபி பென்ட்ரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே என் வழக்கம். திரும்பவும் க்ராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருளைப் போட்டுத் தரச் சொல்பவர்களிடம் மட்டும் கை விரித்துவிடுவேன்.

கைபேசியில் வழி வேறு. வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ரொய்ட் செயலியை நிறுவும் கோப்பு) நிறுவி, அது கேட்கும் அணுகல்தன்மை அனுமதியைக் (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் செயலிகளுக்கென உள்ளது) கொடுத்துவிட்டால், அது திரையைப் படிக்கும், தானே பொத்தான்களை அழுத்தும், உண்மையான வங்கிச் செயலியின்மேல் போலித் திரையை விரிக்கும். அதை நீக்கப் போனால் அமைப்புகள் பக்கத்தையே மூடிவிடும். சிம்மை வெளியே எடுத்து, விமானப் பயன்முறையில் போட்டு, கைபேசியைப் பாதுகாப்பான பயன்முறையில் எழுப்பினால் வெளியிலிருந்து நிறுவிய செயலிகள் இயங்கா. அப்போது, செயலியை நீக்கவிடாமல் காக்கும் சாதன நிர்வாகி அனுமதியைப் பறித்து அதை நீக்கலாம். வங்கிக்கு வேறு தொலைபேசியிலிருந்து அழைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு: தென்கொரியாவில் பரவிய ஃபேக்கால்ஸ் என்னும் நிரல், வங்கிக்கு எடுத்த அழைப்பைத் துண்டித்துக் கள்வனோடு பேச வைத்தது.

பணம் போயிருந்தால் போர்மட் செய்யும் அவசரம் வேண்டாம், சான்று அழிந்துவிடும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் பொலிஸுக்கும் முறையிடும்வரை பழைய வன்தட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும். பெரியவரின் மடிக்கணினிக்கு வன்தட்டுக்குப் பதிலாகப் புதிய எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டுக் கொடுத்தேன். கழற்றிய வன்தட்டை உறையிலிட்டு ஒட்டி, திகதி எழுதி அவர் கையொப்பமும் வாங்கினேன்; அதை அவர் முறைப்பாட்டுப் பிரதியோடு சேர்த்து வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.